தேவதை ஆத்துற டீ!

உங்க காலேஜ் வாசல் டீக்கடை மாஸ்டரை ஒரு நிமிஷம் மனசுக்குள்ள கொண்டுவாங்க. ஒரு கையில் கிளாஸ், இன்னொரு கையில் குவளை. தலைக்கு மேலே இருந்து இடுப்பு வரைக்கும் டீ கோடு போட்ட மாதிரி இறங்கும். ஒரு சொட்டு சிந்தாது. ரெண்டு கையும் ஆடிக்கிட்டே இருக்கும், ஆனா முகத்தில் டென்ஷனே இருக்காது. ஆத்தி முடிச்சு நீட்டினால் சூடும் சரியா இருக்கும், சர்க்கரையும் சரியா இருக்கும்.

கிட்டத்தட்ட இதே ஸீனை 1909-ம் வருஷம் லண்டனில் ஒரு ஓவியர் வரைந்திருக்கிறார். மாஸ்டருக்குப் பதிலாக சிவப்பு றெக்கை வெச்ச ஒரு தேவதை. ரெண்டு கையிலும் ரெண்டு கிண்ணம். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தண்ணீர் பாய்கிறது. டாரட் சீட்டுக்கட்டில் இது 14-வது சீட்டு. பேரு 'டெம்பரன்ஸ்'. நாம 'நிதானம்'னு வெச்சுக்கலாம்.

'அய்யய்யோ... ஜோசியக் கட்டுரையா?'ன்னு பக்கத்தைத் திருப்பிடாதீங்க ப்ளீஸ்! நான் மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் மூணாவது வருஷம். ஃபார்முலா இல்லாத எதையும் நம்பக் கூடாதுன்னு சத்தியம் பண்ணாத குறை. 'இந்த வாரம் உங்களுக்கு எப்படி?'ன்னு சொல்றது என் வேலை இல்லை. 78 படங்களைப் பார்த்து என் டைம்டேபிளை நான் எப்படித் திருத்தினேன்... அதைத்தான் சொல்லப்போறேன்.

லேத் முன்னாடி ஒரு தூக்கம்

போன செமஸ்டர். பகலில் காலேஜ், ராத்திரி பத்திரிகைக்குக் கட்டுரை, நடுராத்திரிக்கு மேல அரியர் பேப்பருக்குப் படிப்பு. தூக்கம் மூணு மணி நேரம். 'செம பிஸிப்பா!'ன்னு எல்லார்கிட்டயும் பெருமையா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். பிஸியா இருக்கிறது ஏதோ மெடல் மாதிரி!

ஒரு நாள் மத்தியானம் மெஷின் லேப். ஸ்டெப் டர்னிங். லேத் ஓடிக்கிட்டிருக்கு. இரும்புச் சுருள் அழகா உரிஞ்சு விழுது. அந்தச் சத்தம் தாலாட்டு மாதிரி இருந்தது. நின்னபடியே கண் சொக்கிடுச்சு. உடம்பு முன்னாடி சாயச் சாய, கோட்டுக்குள்ள செருகி வெச்சிருந்த என் பின்னல் நழுவி வெளியே வந்து, சுத்துற சக்குக்குப் பக்கத்தில் தொங்கியிருக்கு.

'டப்'னு ஒரு சத்தம். லேப் அண்ணா ஓடி வந்து சிவப்பு பட்டனை அடிச்சிருந்தார். மெஷின் நின்னுடுச்சு. மொத்த லேபும் என்னையே பார்த்தது. அவர் திட்டலை. என் பின்னலையும் சக்கையும் மாறி மாறிப் பார்த்துட்டு, "ஏம்மா... நீ தூங்கலைங்கிறது மெஷினுக்குத் தெரியாதும்மா"ன்னு மட்டும் சொன்னார். அவர் குரல் நடுங்கிச்சு. என் கை அன்னிக்கு ராத்திரி வரைக்கும் நடுங்கிச்சு.

ஹாஸ்டலில் ரூம்மேட்கிட்ட மட்டும் சொன்னேன். வீட்டில் சொல்லலை. சொன்னால் 'படிப்பு மட்டும் போதும், பத்திரிகை எல்லாம் வேணாம்'னு சொல்லிடுவாங்களோன்னு பயம்.

அந்த வாரம்தான் பத்திரிகை ஆபீஸில் ஆசிரியர் கூப்பிட்டார். "பசங்க மத்தியில டாரட் கார்டு மறுபடியும் ஓடுதாமே... என்ன விஷயம்னு பார்த்து எழுதும்மா." ஹாஸ்டல் சீனியர் அக்காகிட்ட ஒரு கட்டு இருந்தது. கடன் வாங்கினேன். ஆரம்பத்தில் நக்கல் பண்ணத்தான் வாங்கினேன் என்பதே உண்மை.

ஒரு சின்ன ஃப்ளாஷ்பேக்!

டாரட் எகிப்து கோயில் ரகசியம், பழங்கால மந்திரம்னு யாராவது பில்டப் கொடுத்தால் நம்பாதீங்க. அது ஒரு சீட்டாட்டம்! 1440-களில் வட இத்தாலியில், மிலான் மாதிரியான ஊர்களில் பிரபுக்கள் விளையாடிய ஆட்டம். சாதாரணச் சீட்டுகளோட 'துருப்பு' மாதிரி படச் சீட்டுகளைச் சேர்த்தார்கள். தங்கத் தகடு ஒட்டிக் கையால் வரைந்த சீட்டுகள் இன்னிக்கும் மியூசியங்களில் இருக்கின்றன. ஃபிரான்ஸில் இப்பவும் இதை வெறும் சீட்டாட்டமா உட்கார்ந்து விளையாடுறாங்க. ஜோசியமே கிடையாது, கேம் மட்டும்தான்!

எகிப்து கதையைக் கிளப்பியவர் 1781-ல் ஃபிரான்ஸைச் சேர்ந்த அந்துவான் கூர் த ஜெபலின். ஆதாரம்? ஜீரோ. எகிப்திய எழுத்தை ஷம்போலியோன் படித்துச் சொன்னதே 1822-ல்தான். அதுக்கு 41 வருஷம் முன்னாடியே இவர் 'இது எகிப்து புத்தகம்'னு அடிச்சு விட்டிருக்கார். நம்ம வாட்ஸ்அப் ஃபார்வர்டுக்கெல்லாம் தாத்தா!

இன்னிக்கு உலகம் முழுக்க அதிகம் பரவியிருக்கிற கட்டு 1909-ல் லண்டனில் ரைடர் கம்பெனி வெளியிட்டது. மொத்தம் 78 சீட்டு. அதில் 22 பெரிய சீட்டுகள். மீதி 56-ம் நாலு வகை: கோல், கிண்ணம், வாள், காசு. ஆளுக்குப் பதினாலு.

கரெக்ட்டா சொல்லுதே, எப்படி?

சீனியர் அக்கா எனக்குச் சீட்டு எடுத்துச் சொன்னப்போ புல்லரிச்சது. 'உனக்குத் திறமை இருக்கு, ஆனா முழுசா பயன்படுத்தலை. வெளியே தைரியமா இருக்கே, உள்ளே கவலைப்படுறே'ன்னாங்க. 'அட, அப்படியே நான்!'னு வாயைப் பிளந்தேன்.

அப்புறம் கொஞ்சம் தோண்டினேன். 1948-ல் அமெரிக்காவில் பெர்ட்ரம் ஃபோரர்னு ஒரு சைக்காலஜி பேராசிரியர் தன் ஸ்டூடன்ட்ஸ் 39 பேருக்கு ஒரு டெஸ்ட் வெச்சார். அப்புறம் 'இதுதான் உன் குணம்'னு ஒவ்வொருத்தருக்கும் ஒரு பேப்பரைக் கொடுத்து, எவ்வளவு பொருந்துதுன்னு அஞ்சுக்கு மார்க் போடச் சொன்னார். சராசரி 4.26! பசங்க அசந்து போனாங்க. ஆனா எல்லாருக்கும் அவர் கொடுத்தது ஒரே பேப்பர். அதில் பெரும்பாலும் கடையில் வாங்கிய ஜோசியப் புத்தகத்து வரிகள்!

கிளி எடுத்துக் கொடுக்கிற சீட்டு நம்ம அத்தைக்கும் பொருந்தும், பக்கத்து வீட்டு ஆன்ட்டிக்கும் பொருந்துமே... அதே டெக்னிக்தான். ஆக, டாரட்டுக்கு உங்க கேம்பஸ் இன்டர்வியூ ரிசல்ட் தெரியாது. உங்க ஆளு திரும்பி வருவாரா, மாட்டாரான்னும் தெரியாது. அதுக்காக யாராவது ஆயிரக்கணக்கில் பணம் கேட்டால் அந்தக் காசில் நல்லா பிரியாணி சாப்பிடுங்க.

அப்போ எதுக்கு இந்தக் கட்டுரைங்கிறீங்களா? சீட்டு பதில் சொல்லாது பாஸ். ஆனா கேள்வி கேட்கும். அந்தப் படங்களை வெறும் படமா எதிரில் வெச்சுக்கிட்டு உட்கார்ந்தால், நாம தள்ளிப்போட்டுக்கிட்டே வர்ற கேள்வி தானா வந்து முன்னாடி நிக்குது. எனக்கு அப்படி நின்னது நாலு சீட்டு.

சீட்டு 1: பத்துக் கோல்

ஒருத்தர் பத்து நீளக் கோல்களைக் கட்டா நெஞ்சோட அணைச்சுத் தூக்கிக்கிட்டுப் போறார். முதுகு வளைஞ்சிருக்கு. முகம் கோல்களுக்குள்ள புதைஞ்சிருக்கு. போக வேண்டிய ஊர் தூரத்தில் தெரியுது... நமக்கு! அவருக்குத் தெரியாது. அவர் தூக்கியிருக்கிற சுமையே அவர் கண்ணை மறைக்குது.

இந்தப் படத்தைப் பார்த்ததும் ஒரு பேப்பர் எடுத்து என் கோல்களை எண்ணினேன். செமஸ்டர் பாடங்கள், லேப் ரெக்கார்டு, அரியர், பத்திரிகை, சிம்போசியம் கமிட்டி, ஆப்டிடியூட் கிளாஸ், ஆன்லைன் சர்ட்டிஃபிகேட் கோர்ஸ், டான்ஸ் டீம், கிளாஸ் ரெப் வேலை, ரூம்மேட்டோட அசைன்மென்ட். சத்தியமா பத்து! (அசைன்மென்ட் மேட்டரை எழுதக் கூடாதுன்னு ரூம்மேட் மிரட்டல். எழுதிட்டேன்!)

அடுத்து, ஒவ்வொண்ணுக்கும் எதிரில் 'இதை யார் என் கையில கொடுத்தாங்க?'ன்னு எழுதினேன். அதிர்ச்சி. காலேஜ் கொடுத்தது நாலுதான். மீதி ஆறும் நானே எடுத்துக்கிட்டது. அதிலும் ஆன்லைன் கோர்ஸில் சேர்ந்ததுக்கு ஒரே காரணம், 'எல்லாரும் சேர்றாங்களே!'

சீட்டு 2: ரெண்டு காசு

ஒரு பையன். தலையில் உயரமான தொப்பி. ஒத்தைக் காலில் ஆடிக்கிட்டே ரெண்டு பெரிய காசுகளை மாத்தி மாத்திக் கையாளுறான். ரெண்டையும் சுத்தி, படுத்துக்கிட்ட 8 மாதிரி ஒரு பட்டை. நம்ம மேத்ஸில் வர்ற இன்ஃபினிட்டிக் குறி! அவனுக்குப் பின்னாடி கடல் கொந்தளிக்குது. ரெண்டு கப்பல் அலையில் ஏறி இறங்குது.

பேலன்ஸ்னா தராசு முள் நடுவில் அசையாம நிக்கிறதுன்னுதான் நான் நினைச்சிருந்தேன். படிப்புக்குப் பாதி, வேலைக்குப் பாதி, கரெக்டா கோடு போட்டுட்டால் முடிஞ்சதுன்னு. இந்தப் பையன் ஒரு விநாடிகூட சும்மா நிக்கலை. கண்ட்ரோல் சிஸ்டம்ஸ் படிச்சவங்களுக்கு ஈஸியா புரியும். கொஞ்சம் விலகினால் கொஞ்சம் திருத்தணும், மறுபடி விலகினால் மறுபடி திருத்தணும். அதானே ஃபீட்பேக்! படிக்காதவங்க சைக்கிளை நினைச்சுக்கங்க. ஹேண்டில்பாரை அசைக்காம பிடிச்சு ஓட்டிப் பாருங்க... நேரா தரையைத்தான் கும்பிடணும்.

அதனால, செமஸ்டர் எக்ஸாம் வாரத்தில் பத்திரிகைப் பக்கம் எட்டிப்பார்க்கலைன்னால் பேலன்ஸ் போச்சுன்னு அர்த்தம் இல்லை. அடுத்த மாசம் லீவில் முழுசா எழுதினாலும் தப்பு இல்லை. கை மாத்திக்கிட்டே இருக்கோமா, இல்லை ஒரே காசை மட்டும் கெட்டியா பிடிச்சுக்கிட்டு இன்னொண்ணைக் கீழே போட்டுட்டோமா... கேள்வி அதுதான்.

சீட்டு 3: நாலு வாள்

இது எனக்குப் பிடிக்காம போன சீட்டு. ஒரு வீரன் கல்லறை மேல படுத்திருக்கான். கை ரெண்டும் கூப்பியிருக்கு. மூணு வாள் சுவரில், ஒண்ணு அவனுக்குக் கீழே. 'செத்துட்டானா?'ன்னு பதறிப்போய் அக்காகிட்ட கேட்டேன். "இல்லடி, ரெஸ்ட் எடுக்கிறான்னுதான் இதுக்கு அர்த்தம் சொல்வாங்க"ன்னாங்க.

யோசிச்சுப் பாருங்க. வாளை அவன் தூக்கி எறியலை, வித்துடலை. மாட்டி வெச்சிருக்கான். நாளைக்கு எடுத்துக்கலாம். ஆனா படுக்கையில் வாளோட படுக்கலை. நாம? தலைமாட்டில் போன். அதில் கிளாஸ் குரூப், புராஜெக்ட் குரூப், சிம்போசியம் குரூப்னு 200 மெசேஜ். கண்ணை மூடினதும் 'டிங்'! வாளைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டே தூங்குறோம். அந்தத் தூக்கம்தான் லேத் முன்னாடி வட்டியோட வந்து நின்னது.

சீட்டு 4: டீ ஆத்துற தேவதை

இப்போ நம்ம மாஸ்டருக்கு, ஸாரி, தேவதைக்கு வருவோம். ஒரு கால் தரையில், ஒரு கால் தண்ணியில். பின்னாடி ஒரு ஒத்தையடிப் பாதை மலைப் பக்கம் போகுது. இந்த 14-வது சீட்டுக்கு முன்னாடி இருக்கிற 13-வது சீட்டு மரணம், பின்னாடி வர்ற 15-வது சீட்டு சாத்தான். ரெண்டு டெரர் பார்ட்டிகளுக்கு நடுவில் அமைதியா நின்னு தண்ணியை மாத்தி ஊத்திக்கிட்டிருக்கு!

'டெம்பரன்ஸ்'ங்கிற பேரைப் பார்த்ததும் எனக்கு மெட்டலர்ஜி கிளாஸ் ஞாபகம் வந்துடுச்சு. டெம்பரிங்! ரெண்டு வார்த்தைக்கும் வேர் ஒண்ணுதான். லத்தீனில் 'சரியான அளவில் கலக்கு' என்று அர்த்தம்.

மெக்கானிக்கல் அல்லாத மக்களுக்காக ஒரு நிமிஷக் கிளாஸ். பட்டறையில் அரிவாளைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணியில் 'ஸ்ஸ்ஸ்'னு முக்குவாங்களே... அதுதான் குவென்ச்சிங். கார்பன் ஸ்டீலை சுமார் 800 டிகிரிக்குச் சூடாக்கி சட்டுனு குளிர வெச்சால் பயங்கர கடினம் ஆகிடும். ஆனா ஒரு சிக்கல். கடினமான அளவுக்கு அது நொறுங்கவும் தயாரா இருக்கும். ஓங்கி ஒரு அடி, 'படார்'! அதனால் மறுபடி அதை மிதமா, பொதுவா 200-லிருந்து 600 டிகிரிக்குள்ள சூடாக்கி, கொஞ்ச நேரம் வெச்சிருந்து ஆறவிடுவாங்க. கடினம் கொஞ்சம் குறையும். ஆனா அடி தாங்கும். அதுதான் டெம்பரிங். 'கொஞ்சம் குறைச்சுக்கிட்டால்தான் உடையாது' என்பதை ஸ்டீலுக்கே சொல்லிக் கொடுக்கிற வேலை.

மூணு வருஷமா நம்மளைக் காய்ச்சித் தண்ணியில் முக்கிக்கிட்டே இருக்காங்க. இன்டர்னல், அரியர், பிளேஸ்மென்ட்... நாமும் 'நான் ரொம்ப ஸ்ட்ராங்'னு சொல்லிக்கிறோம். டெம்பரிங் எப்போ பண்ணினோம்?

வரைந்த கைக்கு என்ன கிடைச்சது?

இந்தச் சீட்டுகளை வரைந்தவர் கதையைப் படிச்சப்போதான் எனக்கு நிஜமாவே தொண்டை அடைச்சது. பேரு பமீலா கோல்மன் ஸ்மித். 1878-ல் லண்டனில் பிறந்தவர். சின்ன வயசில் கொஞ்ச காலம் ஜமைக்காவில் வளர்ந்து, நியூயார்க்கில் ஓவியம் படித்தார். நாடகக் கம்பெனிகளோட சுத்தியவர். அதனால்தான் ஒவ்வொரு சீட்டும் ஒரு மேடைக் காட்சி மாதிரி இருக்கு! அதுக்கு முன்னாடி வந்த பெரும்பாலான கட்டுகளில் 'ரெண்டு காசு'ன்னால் ரெண்டு காசு படம் மட்டும்தான் இருக்கும். அதில் ஆடுற பையனையும், அலையையும், கப்பலையும் கொண்டுவந்தவர் பமீலா.

சீட்டைத் திட்டமிட்டவர் ஆர்தர் எட்வர்ட் வெய்ட். வரையச் சொல்லி வாங்கிப் போட்டது ரைடர் கம்பெனி. சில மாசத்தில் மொத்தப் படத்தையும் பமீலா வரைந்து முடிச்சார். 1909 நவம்பரில் நியூயார்க்கில் இருந்த போட்டோகிராபர் ஆல்ஃப்ரெட் ஸ்டீக்லிட்ஸுக்கு எழுதிய கடிதத்தில் இதைப் பத்திச் சொல்லியிருக்கார். பெரிய வேலை, கிடைச்ச காசு ரொம்பக் கம்மி என்பதுதான் சாரம். அப்புறம் அந்தக் கட்டு பல பதிப்பு கண்டு, உலகம் முழுக்கப் போச்சு. என்ன பேரில்? 'ரைடர் - வெய்ட்'. வெளியிட்டவர் பேரு இருக்கு, திட்டம் போட்டவர் பேரு இருக்கு. வரைந்தவர் பேரு இல்லை!

1951-ல் இங்கிலாந்தின் பியூட் என்ற கடலோர ஊரில் கடனோட இறந்துபோனார். கல்லறைக்கு ஒரு அடையாளக் கல்கூட இல்லை. ஆனா ஒவ்வொரு சீட்டின் ஓரத்திலும் குட்டியா, கொடி சுத்தின மாதிரி தன் கையெழுத்தை வெச்சிருந்தார். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் பின்னாடி வந்தவங்க அவரைத் தேடிப்போனாங்க. இப்போ நிறைய பேர் 'ரைடர் - வெய்ட் - ஸ்மித்'னு அவர் பேரையும் சேர்த்துத்தான் சொல்றாங்க.

இன்டர்ன்ஷிப்னு சொல்லிக்கிட்டு இலவசமா வேலை பார்க்கிற நம்ம எல்லாருக்கும் பமீலா ஒரு அக்கா மாதிரி. பேலன்ஸ்னு பேசறப்போ நேரத்தை மட்டும் கணக்குப் போடுறோம். 'நான் கொடுக்கிறது எவ்வளவு, எனக்குத் திரும்பி வர்றது எவ்வளவு?'ங்கிறதும் தராசுதானே! காசாவோ, பேராவோ, கத்துக்கிட்ட விஷயமாவோ எதுவுமே வரலைன்னால் யோசிங்க. முக்கியமா... உங்க வேலையின் ஓரத்தில் உங்க பேரைப் போட மறக்காதீங்க.

இன்னொருத்தர் கதை இதுக்கு நேர் எதிர். நிக்கி த செயின்ட் ஃபேல் என்ற ஓவியர் இத்தாலியின் டஸ்கனியில் 22 பெரிய சீட்டுகளையும் பிரம்மாண்டச் சிலைகளாக் கட்டினார். 1998-ல் பொதுமக்களுக்குத் திறந்த 'டாரட் தோட்டம்' அது. கட்டுற காலத்தில் பல வருஷம் 'பேரரசி' சிலையின் வயித்துக்குள்ளேயே குடியிருந்தார். சமையல், தூக்கம், மீட்டிங் எல்லாம் சிலைக்குள்ள. வேலைக்குள்ளேயே வீடு! கேட்க செம ரொமான்டிக்கா இருக்கு இல்லையா? ஆனா மூட்டுவாதம் அவர் கையையும் காலையும் முடக்கிப்போட்டது. ஒரு கட்டத்தில் அவரும் அந்தச் சிலைக்குள்ளேயிருந்து வெளியே குடி வந்தார். தோட்டம் நிக்கலை. வளர்ந்துச்சு!

சீட்டே வேண்டாம், பேப்பர் போதும்!

கட்டு வாங்க காசு செலவு பண்ண வேண்டாம். நாலு வகைச் சீட்டை மட்டும் ஞாபகம் வெச்சுக்கங்க. ஞாயித்துக்கிழமை ராத்திரி நோட்டின் கடைசிப் பக்கத்தில் நாலு கட்டம் போடுங்க. நான் செய்றது இதுதான்.

கோல் - ஆர்வம். இந்த வாரம் யாரும் சொல்லாம, நானே ஆசைப்பட்டுச் செஞ்சது எது?

கிண்ணம் - மனசு. யார்கிட்ட மனசு விட்டுப் பேசினேன்? யார் போனை எடுக்காம கட் பண்ணினேன்?

வாள் - மூளை. படிச்சது, யோசிச்சது, தேவையில்லாம யோசிச்சுக் குழம்பினது?

காசு - உடம்பும் பர்ஸும். எத்தனை மணி நேரம் தூங்கினேன்? எத்தனை வேளை ஒழுங்கா சாப்பிட்டேன்? செலவு எவ்வளவு?

மார்க் போடாதீங்க. நல்லது கெட்டது பார்க்காதீங்க. எந்தக் கட்டம் காலியா இருக்குன்னு மட்டும் பாருங்க. அடுத்த வாரம் அந்தக் கட்டத்தில் ஒரே ஒரு வரி எழுதுற மாதிரி ஏதாவது ஒண்ணு செய்யுங்க. அவ்வளவுதான். எனக்கு முதல் வாரம் கிண்ணம் முழுக்கக் காலி. அம்மா நம்பரில் இருந்து வந்த மிஸ்டு கால் மட்டும் ஆறு.

ஒரு சீரியஸ் வார்த்தை. இந்த விளையாட்டெல்லாம் களைப்புக்குத்தான். தூக்கமே வரலை, எதிலும் பிடிப்பில்லை, வாழவே பிடிக்கலைன்னு தோணினால் சீட்டும் வேண்டாம், நோட்டும் வேண்டாம். காலேஜ் கவுன்சலரையோ டாக்டரையோ பாருங்க. 2022-ல் மத்திய அரசு தொடங்கின 'டெலி மனஸ்' சேவைக்கு 14416-ல் கூப்பிடலாம். இலவசம். தமிழிலேயே பேசலாம்.

அப்புறம் என்ன ஆச்சு?

பத்துக் கோலில் மூணைக் கீழே வெச்சேன். சிம்போசியம் கமிட்டி, ஆன்லைன் கோர்ஸ், ரூம்மேட்டோட அசைன்மென்ட். (ரெண்டு நாள் பேசலை. மூணாவது நாள் மேகி செஞ்சு கொடுத்து சமாதானம்.) அப்புறம் பத்திரிகை ஆபீஸுக்குப் போய், "சார், வாரா வாரம் முடியலை. ரெண்டு வாரத்துக்கு ஒண்ணுன்னால் நல்லா எழுதித் தர்றேன்"னு சொன்னேன். வேண்டாம்னு அனுப்பிடுவாரோன்னு வயித்தைக் கலக்குச்சு. அவர் கண்ணாடியைக் கழட்டிட்டு, "இதை முன்னாடியே கேட்டிருக்கலாமேம்மா"ன்னார். நான் கேட்கவே இல்லைங்கிறது எனக்கே அப்போதான் உறைச்சது!

எல்லாம் சரியாகிடுச்சுன்னு டயலாக் விட மாட்டேன். அரியர் எழுதியிருக்கேன், ரிசல்ட் வரலை. போன வாரம்கூட ஒரு ராத்திரி ரெண்டு மணி ஆகிடுச்சு. ஆனா மறுநாள் மெஷின் லேப் இருக்குன்னு தெரிஞ்சால் முந்தின ராத்திரி பத்தரைக்கு வாளைச் சுவரில் மாட்டிடறேன். போன் மேஜையில், நான் கட்டிலில். லேபுக்குள்ள நுழையும்போது பின்னலைச் சுருட்டித் தொப்பிக்குள்ள வெச்சுக்கறேன். லேப் அண்ணா தூரத்தில் இருந்தே பார்த்துட்டுத் தலையை ஆட்டுவார்.

இந்தக் கட்டுரையைக் கொடுக்கறதுக்கு முன்னாடி அம்மாவுக்குப் போன் பண்ணி லேத் விஷயத்தைச் சொல்லிட்டேன். அச்சில் பார்த்துத் தெரிஞ்சுக்கக் கூடாதில்லையா? ரொம்ப நேரம் எதுவுமே பேசலை. அப்புறம் குரல் கம்மி, "சாப்பிட்டியாடி?"ன்னு கேட்டாங்க. அவ்வளவுதான். அந்த வாரம் கிண்ணம் கட்டத்தில் எழுத இடம் பத்தலை.

கடைசியா ஒண்ணு. நேத்து சாயங்காலம் காலேஜ் வாசலில் டீக்காக நின்னப்போதான் தோணுச்சு. நம்ம தமிழில் வேலை செய்யறதையும் 'ஆற்றுதல்'னுதான் சொல்றோம். பணியாற்றுதல், கடமையாற்றுதல்! சூட்டைத் தணிக்கிறதும், மனசுக்கு இதம் கொடுக்கிறதும்கூட 'ஆற்றுதல்'தான். வேலைக்கும் ஆறுதலுக்கும் சேர்த்து ஒரே வார்த்தை!

மாஸ்டர் ஆத்தி நீட்டினார். சூடு சரியா இருந்தது. நின்னு, போனை எடுக்காம, முழு டீயையும் குடிச்சுட்டுத்தான் லேபுக்குப் போனேன்.

நீங்க இன்னிக்கு டீ குடிச்சாச்சா?